புல்லட் மோட்டார் சைக்கிள்: ஒரு நான்கு வீச்சு எஞ்சினின் வளர்ச்சி

இயந்திரங்கள் பொதுவாக நீண்ட ஆயுள் பெறுவதில்லை. ஒரு தலைமுறையில் வியந்து போற்றப்பட்ட இயந்திரம் அடுத்த தலைமுறையில் பழைய இரும்புக் கடையைச் சென்றடைகிறது. இவ்விதிக்கு விலக்காக அமைந்தவற்றுள் ‘புல்லட்’ என்னும் மோட்டார் சைக்கிளும் ஒன்று. 1949ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த 350 சி.சி. புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் உள்விட்டம் உடையது. அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம், அதாவது வீச்சு, 90 மில்லிமீட்டர். இவ்விரண்டு அளவுகளும் 2023ஆம் ஆண்டு வரை இந்தியாவில் உற்பத்தியான 350 சி.சி. புல்லட்டிலும் மாறாமல் இருந்தன.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் இவ்வளவுகள் நிலைத்ததற்குக் காரணம் யாது? இறுதியில் அவற்றை மாற்றச் செய்தது எது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முற்பட்டால் எஞ்சின் இயலின் அடிப்படைகள் பலவும் தெளிவாகும். பிற நாட்டில் பிறந்த ஒரு தொழில் நுட்பத்தை ஒரு நாடு தனதாக்கிக் கொள்வது எவ்வாறு என்பதும் விளங்கும்.

நான்கு வீச்சுகள்

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் முதலில் கீழிறங்கிப் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது. அடுத்து மேலேறி அக்கலவையை அமுக்குகிறது. அமுக்கம் முடியும் தறுவாயில் ஸ்பார்க் பிளக்கில் தோன்றும் பொறி கலவையைக் கொளுத்துகிறது; எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதாகப் பிஸ்டன் மீண்டும் மேலேறிப் புகையை வெளியேற்றுகிறது. இந்நான்கனுள் மூன்றாவது வீச்சு ஒன்றே சக்தி தருவது. ஏனைய மூன்றும் சக்தியைச் செலவிடுபவை. அம்மூன்று வீச்சுகளிலும் எஞ்சின் நின்றுவிடாமல் காப்பது கிராங்க் அச்சுடன் சுழலும் கனத்த பிளைவீல். ஒரே சிலிண்டர் உள்ள எஞ்சினில் பிளைவீலின் கனமே சீரான ஓட்டத்திற்கு ஆதாரம். புல்லட் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியே செவியால் உணர முடிவதற்கு இதுவே காரணம்.

போருக்குப் பிந்திய சூழ்நிலை

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த ராயல் என்பீல்டு தொழிற்சாலை ‘புல்லட்’ என்ற பெயரை 1932ஆம் ஆண்டிலேயே பயன்படுத்தத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அத்தொழிற்சாலை ராணுவத்திற்கு மோட்டார் சைக்கிள்களைச் செய்தளித்தது. பாரசூட் மூலம் விமானத்திலிருந்து இறக்கக்கூடிய 125 சி.சி. சிறு வண்டியும் அவற்றுள் அடங்கும்.

1945இல் போர் முடிந்த பின்னர் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு 1950 வரை நீடித்தது. கம்பெனிகளின் தனித்தனிப் பெட்ரோல் வகைகள் 1953இல்தான் மீண்டும் வந்தன. அதுவரை கிடைத்தது ‘பூல்’ எனப்பட்ட பொதுத் தரப் பெட்ரோல் ஒன்றே. அதன் ஆக்டேன் எண் தாழ்வானது. ஆக்டேன் தாழ்ந்த பெட்ரோலை மிகுதியாக அமுக்கினால் சுடர் பரவி முடிவதற்கு முன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும். சுத்தியல் அடிப்பது போன்ற ஒலி எழும், பிஸ்டனும் சேதமுறும். ஆகவே அக்கால வடிவமைப்பாளர் அமுக்க விகிதத்தைத் தாழ்வாகவே வைத்தனர். புதிய புல்லட்டில் இவ்விகிதம் 6.5 ஆக இருந்தது.

ஆடும் கவை

அந்நாளில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரம் சட்டத்தோடு அசைவின்றிப் பொருத்தப்பட்டிருந்தது. பள்ளத்தின் அதிர்ச்சி முழுவதையும் இருக்கையின் சுருள்வில்லும் ஓட்டுபவரின் முதுகும் தாங்க வேண்டியிருந்தது. டோனி வில்சன்-ஜோன்ஸ், டெட் பார்டோ முதலிய ராயல் என்பீல்டு பொறியியலார் பின் சக்கரத்தை ஒரு கவையில் பொருத்தினர். அக்கவையின் முன்முனை சட்டத்தில் கீல்போல் இணைக்கப்பட்டது. பின்முனையின் இருபுறமும் சுருள்வில்லும், எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பரும் அமைந்தன.

சுருள்வில் மட்டும் இருந்தால் அமுங்கிய சக்கரம் பலமுறை எழுந்து தாழ்ந்து கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பரினுள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே பாய்ந்து அவ்வாட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றித் தணிக்கிறது. ஊசலாடும் பொருளுக்குத் தணிப்பு ஏன் தேவை என்ற பௌதிகப் பாடத்திற்கு இதனினும் எளிய உதாரணம் கிடைப்பது அரிது.

கரடுமுரடான பாதைப் போட்டிகளில் தேர்ந்த ஓட்டிகள் இப்புதுமையை ஐயத்துடன் நோக்கினர். பின் சக்கரம் அசைந்தால் தரைப்பிடிப்புக் குறையும் என்பது அவர்கள் கருத்து. 1948ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பைப் போட்டியில் மாதிரி வண்டிகள் இறக்கப்பட்டன. அதே ஆண்டில் இத்தாலியின் சான் ரெமோவில் நடைபெற்ற சர்வதேச ஆறு நாள் போட்டியில், வெற்றி பெற்ற பிரிட்டிஷ் குழுவில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றனர். 1952இல் ஜானி பிரிட்டன் என்ற வீரர் புல்லட் ஓட்டி ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியில் முதலிடம் பெற்றபோது பழைய ஐயத்திற்கு இடமில்லாமற் போயிற்று. மேடு பள்ளங்களில் சக்கரம் துள்ளாமல் தரையைத் தொடர்ந்து பற்றியிருந்ததே வெற்றிக்குக் காரணம்.

எஞ்சினின் உட்புறம்

புல்லட் எஞ்சினின் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. தலைப்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் வெப்பத்தை விரைவில் கடத்துவதால் மிகுதியாகச் சூடேறும் தலைப்பகுதிக்கு ஏற்றது. வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்துள்ளன. கீழிருந்து இரண்டு புஷ்ராடுகள் அவற்றை இயக்குகின்றன. கியர்ப்பெட்டி எஞ்சினின் பின்புறத்தில் போல்ட்டுகளால் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்ததால் இரண்டிற்கும் இடையே ஓடும் செயினின் நேர்மை எளிதில் குலையவில்லை. எண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லை. கிராங்க் அறையின் பின்பகுதியிலேயே ஓர் அறை வார்க்கப்பட்டு, அதில் எண்ணெய் நிரப்பப்பட்டது. வெளிக்குழாய்கள் குறைந்தமையால் அவை உடைந்து எண்ணெய் ஒழுகும் வாய்ப்பும் குறைந்தது.

பிஸ்டனின் அசைவைக் கிராங்கிற்குக் கடத்தும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளைத் தாங்கிக்குப் பதிலாக மிதக்கும் புஷ் ஒன்று இருந்தது. எண்ணெய்ப் படலத்தின் மீது சுழலும் இந்தப் புஷ் தூய எண்ணெய் இடைவிடாமல் கிடைக்கும்வரை நீண்ட நாள் உழைக்கும். எண்ணெய் அழுக்கடைந்தாலோ வற்றினாலோ விரைவில் தேயும்.

இவ்வாறு அமைந்த எஞ்சின் நிமிஷத்திற்கு 5,750 சுற்றுகளில் 18 குதிரைத் திறன் அளித்தது. இது பெருந்திறன் அன்று. பெருந்திறன் இதன் நோக்கமும் அன்று.

நீண்ட வீச்சு பற்றிய ஒரு தவறான எண்ணம்

‘வீச்சு நீளமானது, ஆகவே புல்லட்டின் இழுவை மிகுதி’ என்று பலரும் கூறுவர். இக்கூற்றைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. பிஸ்டனின் மீதுள்ள விசை அதன் பரப்பைப் பொறுத்தது; அவ்விசை செயற்படும் நெம்புகோலின் நீளம் வீச்சில் பாதி. 70 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 38.5 சதுர சென்டிமீட்டர். கிராங்கின் கரம் 4.5 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 173 கிடைக்கும். இனி, அதே கொள்ளளவுள்ள வேறோர் எஞ்சினில் பிஸ்டனின் விட்டம் 80 மி.மீ. எனக் கொள்ளலாம். அதன் பரப்பு 50.3 சதுர சென்டிமீட்டர். வீச்சு 68.9 மி.மீட்டராகவும், கரம் ஏறக்குறைய 3.45 சென்டிமீட்டராகவும் குறையும். பெருக்கற்பலன் மீண்டும் 173. வாயுவின் சராசரி அழுத்தம் சமமாக இருந்தால் இரு எஞ்சின்களின் சராசரித் திருப்பு விசையும் சமமே.

அப்படியாயின் புல்லட்டின் மெதுவான, உறுதியான இழுவை எங்கிருந்து வருகிறது? குறைந்த சுற்றுகளிலேயே சிலிண்டர் நன்கு நிரம்புமாறு வால்வுகள் திறந்து மூடும் நேரம் அமைக்கப்பட்டிருப்பதும், பிளைவீல் கனமாக இருப்பதும் காரணங்கள். நீண்ட வீச்சின் பயன் வேறு. விட்டம் சிறிதாக இருப்பதால் எரியும் அறை கச்சிதமாக அமைகிறது. சுடர் விரைவில் அறை முழுவதும் பரவுகிறது. மட்டமான பெட்ரோலிலும் தட்டல் குறைகிறது. இதற்குரிய விலையும் உண்டு. 5,750 சுற்றுகளில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 17.25 மீட்டர். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 192 முறை, அது நின்று திரும்ப வேண்டும். இவ்வேகத்தை மேலும் உயர்த்தினால் உறுப்புகள் தாங்கமாட்டா. உயர்ந்த திறனைத் துறந்து, மட்டமான பெட்ரோலையும் மோசமான பாதையையும் பொறுத்துக்கொள்ளும் தன்மையை வடிவமைப்பாளர் பெற்றனர்.

சென்னைக்கு வந்த வரலாறு

இப்பொறுமையே புல்லட்டை இந்தியாவிற்கு ஏற்றதாக்கியது. 1950களின் முற்பகுதியில் இந்திய ராணுவம் எல்லைப்புறப் பணிக்கு மோட்டார் சைக்கிள்களைத் தேடியபோது 350 சி.சி. புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டு, இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டது. தேவை பெருகவே 1955இல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து ‘என்பீல்டு இந்தியா’வைத் தோற்றுவித்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகள் இங்கு இணைக்கப்பட்டன. பின்னர் அச்சுகளும் கருவிகளும் சென்னைக்கு வந்தன. 1962ஆம் ஆண்டளவில் உறுப்புகள் யாவும் இந்தியாவிலேயே உற்பத்தியாயின. வார்ப்படம், கடைசல், பற்சக்கரம் வெட்டுதல், உலோகத்தைப் பதப்படுத்துதல் ஆகிய ஒவ்வொன்றிலும் தொழிலாளருக்குத் திறமை வளர்ந்தாலன்றி இது கைகூடியிராது. வரைபடம் ஒன்று மட்டும் ஒரு தொழிலைத் தந்துவிடுவதில்லை.

இதற்கிடையில் தாய்த் தொழிற்சாலை தளர்ந்தது. இங்கிலாந்தில் 350 சி.சி. புல்லட்டின் உற்பத்தி 1960களின் முற்பகுதியில் முடிவுற்றது. 1967இல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970இல் அந்நாட்டில் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் உற்பத்தி முற்றிலும் நின்றது. சென்னைத் தொழிற்சாலையோ நிற்கவில்லை. 1977இல் இந்தியாவில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று.

உதைத்து எழுப்பும் முறை

பழைய புல்லட்டை எழுப்புவதற்குக் கால் வலிமையைக் காட்டிலும் எஞ்சினைப் பற்றிய அறிவு தேவைப்பட்டது. பொறி, பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பே தோன்றும். கிராங்க் போதிய வேகத்துடன் சுழலாவிட்டால் எரிந்த வாயு பிஸ்டனை உச்சி கடக்க விடாமல் பின்னோக்கித் தள்ளும். கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் காயம் ஏற்படுவதும் உண்டு.

இதைத் தவிர்க்க டீகம்ப்ரஷர் என்னும் சிறு வால்வு பயன்பட்டது. முதலில் கிக்கரை மெதுவாக அழுத்தி, அமுக்க வீச்சின் எதிர்ப்புத் தென்படும் இடத்தைக் கண்டறிய வேண்டும். சாவி திறந்திருக்கையில், காண்டாக்ட் பாயிண்ட் பிரிந்து மின்னோட்டம் நிற்கும்போது அம்மீட்டரின் முள் நடுவிற்கு வருவதும் இந்நிலையைக் காட்டும். பின் டீகம்ப்ரஷரின் பிடியை இழுத்தால் அமுக்கப்பட்ட வாயு வெளியேறும். கிக்கரைச் சிறிதளவு நகர்த்திப் பிஸ்டனை உச்சியைக் கடக்கச் செய்யலாம். பிடியை விட்டுவிட்டு முழுவதுமாக உதைத்தால், அடுத்த அமுக்கம் வருவதற்குள் பிளைவீல் வேகம் பெற்றுவிடும்; எஞ்சின் எழும்.

பராமரிப்பிலும் இதே எளிமை இருந்தது. வால்வு இடைவெளியைச் சரிபார்க்க நுண்ணிய அளவுகோல் தேவையில்லை. எஞ்சின் குளிர்ந்த நிலையில் புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடக்கூடாது. சிற்றூர்களின் பட்டறைகளிலும் புல்லட்டைப் பிரித்துச் சேர்க்க முடிந்ததற்கு இத்தகைய அமைப்புகளே காரணம்.

மாறாமையின் விலை

எனினும் மாறாமை முழுவதும் நன்மையன்று. வெளிப்போட்டி குறைவாக இருந்த நாட்களில் 1950களின் வடிவமே பெரிய மாறுதலின்றித் தொடர்ந்தது. எண்ணெய்க் கசிவு ஒரு குறையாகக் கருதப்படாமல் இயல்பாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1980களில் ஜப்பானியத் தொழில் நுட்பத்துடன் எடை குறைந்த மோட்டார் சைக்கிள்கள் இந்தியாவில் உற்பத்தியாகத் தொடங்கின. அவை குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடின. புல்லட்டின் நிலை தளர்ந்தது. 1994இல் ஐஷர் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகும் சில ஆண்டுகள் அதன் எதிர்காலம் ஐயத்திற்குரியதாகவே இருந்தது. ஒரு பொருளைச் செய்யும் முறையை மட்டும் கற்று, அது அவ்வாறு அமைந்த காரணத்தை ஆராயாமல் விட்டால், சூழ்நிலை மாறும்போது பொருளை மாற்றும் ஆற்றல் இல்லாமற் போகும் என்பது இதிலிருந்து பெறப்படும் படிப்பினை.

சூழ்நிலையை மாற்றியவற்றுள் முதன்மையானவை புகைக் கட்டுப்பாட்டு விதிகள். அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்புச் சிலிண்டரைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும் இயல்புடையது. சூடேறும்போது அது இறுகிவிடாதிருக்க இரண்டிற்கும் இடையே தாராளமான இடைவெளி விட வேண்டும். அவ்விடைவெளியில் பிஸ்டன் ஆடுவதால் ஒலியும் தேய்மானமும் மிகும்; எண்ணெய் மேலேறி எரிந்து புகையாகும். பழைய எஞ்சினின் பொறுமைக்குத் துணைபுரிந்த தாராளமே தூய்மைக்கு இடையூறாயிற்று.

ஆகவே மாற்றங்கள் படிப்படியாக வந்தன. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையுடன், பெட்ரோல் குறைந்த கலவையில் எரியும் எஞ்சின் 2000ஆம் ஆண்டையொட்டி வெளிவந்தது. அதன் சிலிண்டர் அலுமினியத்தால் ஆனது. 2008ஆம் ஆண்டு முதல் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த எஞ்சின் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது 350 சி.சி. புல்லட் கார்புரேட்டரை விட்டுவிட்டு மின்னணுக் கருவியால் பெட்ரோலைப் பீச்சும் முறைக்கு மாறியது. இவ்வளவு மாற்றங்களுக்கிடையிலும் 70, 90 என்ற இரு அளவுகள் மட்டும் நிலைத்திருந்தன.

2023இல் அவையும் மாறின. அவ்வாண்டு புல்லட் பெற்ற எஞ்சினின் விட்டம் 72 மி.மீ.; வீச்சு 85.8 மி.மீ.; கொள்ளளவு 349 சி.சி. வால்வுகளை இயக்கும் கேம் அச்சு தலைப்பகுதிக்கே சென்றுவிட்டதால் புஷ்ராடுகள் மறைந்தன. அதிர்வைக் குறைக்கத் தனியே ஒரு சமன் அச்சு சேர்க்கப்பட்டது. இந்த எஞ்சின் சென்னையிலும் இங்கிலாந்திலும் உள்ள அந்நிறுவனத்தின் ஆய்வுக் கூடங்களின் கூட்டு முயற்சி. ஒரு காலத்தில் வரைபடத்தைப் பெற்றுக்கொண்ட நகரம் இப்போது வரைபடம் வரைவதிலும் பங்கு கொண்டது.

இரு எஞ்சின்களின் ஒப்பீடு

புதிய எஞ்சின் நிமிஷத்திற்கு 6,100 சுற்றுகளில் 20.2 குதிரைத் திறன் அளிக்கிறது. அச்சுற்றுகளில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 17.4 மீட்டர், 1949ஆம் ஆண்டு எஞ்சினில் இது 17.25 மீட்டர். எழுபத்து நான்கு ஆண்டுகளில் திறன் 2.2 குதிரைத் திறனே உயர்ந்தது. பிஸ்டன் வேகம் கிட்டத்தட்ட மாறவேயில்லை. முன்னேற்றம் என்பதைத் திறனாலும் வேகத்தாலும் மட்டும் அளந்தால் இங்கு முன்னேற்றமே இல்லை என்று தோன்றும். உண்மையில் முன்னேற்றம் பிற இடங்களில் நிகழ்ந்தது. அதே அளவு வேலையைக் குறைந்த நச்சுப் புகையுடனும், குறைந்த அதிர்வுடனும், எண்ணெய்க் கசிவின்றியும் செய்வதே புதிய எஞ்சினின் சாதனை. ஆனால் இதில் கோளாறு காண்பதற்கு விரலும் செவியும் போதா. மின்னணுக் கருவிகளும் அவற்றை அறிந்த கைகளும் வேண்டும். முன்னர் தூய்மையைக் கொடுத்து எளிமை பெறப்பட்டது. இப்போது எளிமையைக் கொடுத்துத் தூய்மை பெறப்பட்டுள்ளது.

ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும்

அருகிலுள்ள பட்டறையிலிருந்து ஒரு பழைய பிஸ்டனைப் பெற்று வந்தால், உயர்நிலைப் பள்ளி மாணவர் வெர்னியர் அளவியால் அதன் விட்டத்தை அளந்து, வீச்சு நீளத்தைக் கேட்டறிந்து, கொள்ளளவைத் தாமே கணக்கிடலாம். ஆரத்தின் வர்க்கத்தைப் பையால் பெருக்கி, அதனை வீச்சால் பெருக்குவதே முறை. 3.5 சென்டிமீட்டர் ஆரமும் 9 சென்டிமீட்டர் வீச்சும் 346 கன சென்டிமீட்டரைத் தரும். சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு ஆட்டி, பின் அவ்வெடையை எண்ணெயில் அமிழ்த்தி மீண்டும் ஆட்டினால் ஷாக் அப்சார்பரின் தத்துவம் புலப்படும்.

பழைய புல்லட்டை இன்னும் பயன்படுத்தும் களப் பணியாளர் எண்ணெயின் அளவையும் தூய்மையையும் முறையாகச் சோதித்து வருவது இன்றியமையாதது. கனெக்டிங் ராடின் புஷ்ஷிற்கு எண்ணெய்ப் படலம் ஒன்றே பாதுகாப்பு. அப்படலம் அறுந்தால், எழுபது ஆண்டு நிலைத்த வடிவமைப்பும் சில நிமிஷங்களில் பழுதாகிவிடும்.